கறுத்த தென்னை ஓலையிலிருந்து வரப்புச் சந்தனம் வரை: சில கேள்விகள், என் பதில்கள்

அண்ணா, பத்து வருசத் தென்னை. அடி ஓலையெல்லாம் மை பூசினது மாதிரி கறுத்துப் போச்சு. கடையில ஒரு மருந்து கொடுத்தாங்க, அடிக்கட்டுமா?

அடிக்காதீர்கள் தம்பி. மேல் ஓலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தில் வெள்ளை மாவு சுருள் சுருளாக இருந்தால் அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய பூச்சி. அது சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்புத் திரவமாக வெளியே விடும், அது கீழ் ஓலையில் சொட்டி அதன்மேல் பூசணம் வளர்வதுதான் நீங்கள் பார்க்கிற கறுப்பு. அதாவது கறுத்த ஓலையில் நோய் இல்லை, ஈ இருப்பது அதற்கு மேலே.

மருந்து ஏன் வேண்டாம் என்றால், என்கார்சியா என்று கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னும். ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே சில கறுத்திருக்கும், அப்படியானால் குளவி வந்துவிட்டது. மருந்தடித்தால் அதுவும் சேர்ந்து சாகும், கொஞ்ச நாளில் ஈ மட்டும் திரும்பி வரும். குளவி வந்த ஓலையில் ஒரு துண்டை வெட்டி, குளவி இல்லாத மரத்தில் செருகி வையுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை ஏக்கருக்கு எட்டுக் கட்டுங்கள். கறுப்பு உறுத்தினால் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தெளியுங்கள், காய்ந்ததும் பொருக்காக உரிந்து விழும்.

தொழுவுரக் குழியில் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு. நல்லதா கெட்டதா?

தென்னை இருக்கிற தோட்டத்தில் பெரும்பாலும் அது காண்டாமிருக வண்டின் புழு. நானும் ஒரு வருடம் மட்காத சாணியை அப்படியே தென்னைப் பாத்தியில் கொட்டி, வண்டுக்கு நானே தொட்டில் கட்டிக் கொடுத்தேன், அடுத்து வந்த குருத்தோலையெல்லாம் கத்தரியால் வெட்டியது மாதிரி விரிந்தது. எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், கோழி இருந்தால் வேலை மிச்சம். புழுவைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தைக் குழியில் கலந்துவிடலாம், ஆனால் ஈரம் இருக்கணும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன், ஒரு புழுவும் சாகவில்லை.

சாகாது அக்கா. தின்பதைத்தான் முதலில் நிறுத்தும், அப்புறம் தோலுரிக்க முடியாமல் போகும், நாலைந்து நாள் பொறுங்கள். ஆனால் கொட்டை எத்தனை மாதப் பழசு? பத்து மாதம் தாண்டியது வேலைக்கு ஆகாது. ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்து, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி ஊறவிட்டு, வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைத்து, சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும்.

வயலில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. ஜிப்சம் போடலாமா?

மண்ணைப் பரிசோதிக்காமல் காசைக் கொட்டாதீர்கள். வெள்ளையாகப் பூத்தால் பெரும்பாலும் உவர், அதாவது கரையும் உப்பு மிகுந்த மண், நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தாலே குறையும், வடிகால்தான் முக்கியம். மழைத் தண்ணீர் நாள்கணக்கில் இறங்காமல் கலங்கி நின்று, காய்ந்தால் கருப்பாகப் பாளம் விட்டால் அது களர், அதாவது சோடியம் ஏறிய மண், அங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். அதற்குப் பின் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுங்கள்.

மண் எடுக்கும்போது வரப்போரம், மர நிழல், எருக் கொட்டிய இடம் மூன்றையும் விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் அரை அடிக் குழி, அதன் பக்கச் சுவரைச் சீவினால் வருகிற மண்தான் மாதிரி. எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை இப்படியே குறையுங்கள்.

வரப்பில் சந்தனம் வைக்கலாமா, கேஸ் போடுவார்களா?

வைக்கலாம். தமிழ்நாட்டில் 2002ல் சட்டத்தைத் திருத்திய பின் பட்டா நிலத்துச் சந்தனம் வளர்த்தவருக்கே சொந்தம், வெட்டுவதும் விற்பதும் மட்டும் வனத்துறை வழியாக. ஆனால் சந்தனம் தனியாகப் பிழைக்காது, பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உறிஞ்சித்தான் வளரும். கன்றோடு துவரை, அப்புறம் அகத்தியோ சவுக்கோ கூடவே வையுங்கள். வாசனை உள்ள நடுக்கட்டை, அதாவது வைரம், ஏற பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை திருடன் கண்ணில் படாமல் காப்பது உங்கள் பாடு. தோட்டத்தில் குடியிருப்பவர் என்றால் துணிந்து வையுங்கள், வாரம் ஒருமுறை வந்துபோகிறவர் என்றால் மலைவேம்பே போதும்.