நோஸ்கிரிப்ட் குரோமுக்குப் போன கதை: கேள்வி பதில்

கேள்வி: நான் அனுமதிக்காத தளங்களின் ஸ்கிரிப்டை (பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை) ஓடவிடாத நீட்சி நோஸ்கிரிப்ட். ஃபயர்ஃபாக்ஸில் பல வருடம் அதை வைத்திருந்தேன். இப்போது அலுவலகத்தில் குரோம். நீட்சி அதேதான், ஆனால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறதே?

பதில்: குறைகிறதுதான். ஜோர்ஜோ மாவோனே 2005-ல் இதைத் தொடங்கியபோது ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகள் உலாவியின் வயிற்றுக்குள்ளேயே கைவிட்டு வேலை செய்யலாம். 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்ததும் அந்தக் காலம் முடிந்தது. வெப்எக்ஸ்டென்ஷன் முறைக்கு எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. மெனு மாறிவிட்டதே என்று அன்று திட்டாத ஆளில்லை, நானும் திட்டினேன். ஆனால் அந்த முறை குரோமின் நீட்சி முறையை ஒட்டியது. அதனால்தான் 2019 ஏப்ரலில் குரோமுக்கும் வர முடிந்தது.

ஒட்டியதே தவிர, ஒன்றல்ல. பக்கம் கேட்கும் எதையும் வெளியே போகுமுன் நீட்சி மறிக்க அப்போது இரண்டிலும் வழி இருந்தது. ஃபயர்ஃபாக்ஸில் "இரு, பார்த்துச் சொல்கிறேன்" என்று இழுக்க முடியும். குரோமில் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. முகவரிக்குள் ஸ்கிரிப்டை ஒளித்து அனுப்புகிறார்களா என்று துழாவும் எக்ஸ்எஸ்எஸ் வடிகட்டிக்கு நேரம் வேண்டும். அதனால் அது இல்லாமலே குரோம் பதிப்பு வந்தது. குரோமிலேயே இதே வேலைக்கு எக்ஸ்எஸ்எஸ் ஆடிட்டர் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். அதே வருடம் 78-ஆம் பதிப்பில் கூகுள் அதையும் தூக்கிவிட்டது!

கேள்வி: வங்கித் தளம் வெள்ளையாக நிற்கிறது. என்ன செய்ய?

பதில்: நோஸ்கிரிப்ட் சின்னத்தை அழுத்தி அந்த வங்கியின் டொமைனை மட்டும் நம்புங்கள், பிறகு தேவையானதை ஒவ்வொன்றாக. "எல்லாவற்றையும் அனுமதி" வேண்டவே வேண்டாம்.

கேள்வி: குரோம் அமைப்பிலேயே ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தலாமே, நீட்சி எதற்கு?

பதில்: குரோமின் அந்த அமைப்பு நீங்கள் திறக்கும் தளத்தைப் பார்த்து முடிவு செய்யும். செய்தித் தளத்தின் சொந்த ஸ்கிரிப்ட் ஓடட்டும், அதில் ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர நிறுவனத்தினுடையது வேண்டாம் என்று அதனிடம் சொல்ல முடியாது.

கேள்வி: பட்டியல் வைத்து விளம்பரங்களை மறிக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி இருக்கும்போது இந்தத் தலைவலி வீண் அண்ணா. பாதித் தளம் திறப்பதில்லை.

பதில்: தம்பி, இரண்டும் வேறு வேலை. அது தேடப்படும் ஆட்களின் படத்தை வாசலில் ஒட்டிவைக்கிறது. நோஸ்கிரிப்ட் கல்யாண அழைப்பிதழ் பெற்றவரை மட்டும் மண்டபத்துக்குள் விடுகிறது. நேற்று பிறந்த திருட்டு டொமைன் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

கேள்வி: யூபிளாக்கிலும் வெளி ஸ்கிரிப்டை மொத்தமாக மறிக்கலாம். அதற்கான மீடியம் மோட் தெரியாதா?

பதில்: தெரியும். நீங்கள் சொன்னது சரி, என் உவமை அங்கே நொண்டுகிறது. ஆனால் குரோமில் மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய நீட்சி விதிமுறையில் எழுதியவற்றை நிறுத்தியபோது அந்த யூபிளாக்கும் போனது. பதிலுக்கு இருக்கும் யூபிளாக் ஆரிஜின் லைட்டில் மீடியம் மோட் இல்லை. முழு யூபிளாக் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு வாருங்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்!

கேள்வி: அப்போ புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3-ல் ஸ்கிரிப்டைத் தடுக்கவே முடியாதா?

பதில்: முடியும். "இன்ன இடத்து ஸ்கிரிப்ட்தான் ஓடலாம்" என்று உலாவிக்குச் சொல்லும் குறிப்பை (சிஎஸ்பி ஹெடர்) பக்கத்தோடு சேர்த்தால் போதும், மறிப்பதை உலாவியே செய்யும். அந்த விதியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வி3 இடம் தருகிறது. பக்கத்தின் கோரிக்கையை நிறுத்திப் பார்த்து அந்த நேரத்தில் முடிவெடுப்பதுதான் குரோமில் போய்விட்டது. போதாக்குறைக்கு, நீட்சியின் பின்னணி வேலை 30 விநாடி சும்மா இருந்தால் குரோம் அதைத் தூங்கப் போட்டுவிடும். நினைவில் வைத்திருந்ததெல்லாம் காலி. ஃபயர்ஃபாக்ஸ் வி3-லும் மறிக்கும் வசதியை வைத்திருக்கிறது.

கேள்வி: ரயில் டிக்கெட் தளம் திறக்கவில்லை சார்.

பதில்: மேலே வங்கிக்குச் சொன்னதேதான்.

கேள்வி: ஆண்ட்ராய்டு குரோமில் போடலாமா?

பதில்: அதில் நீட்சியே கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் நோஸ்கிரிப்ட் ஓடும்.

கேள்வி: அடையாளத்தை மறைக்கும் டோர் உலாவியில் இதோடு இன்னும் நாலு நீட்சி சேர்க்கலாமா?

பதில்: கூடாது. டோரில் நோஸ்கிரிப்ட் ஏற்கெனவே உண்டு. கூடுதலாக எதைப் போட்டாலும் கூட்டத்தில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிவீர்கள்.

கேள்வி: மின்கட்டணப் பக்கம் வெள்ளையாக...

பதில்: வங்கி. ரயில். இப்போது மின்சாரம். மேலே போய்ப் படியுங்கள் ஐயா. அப்புறம், "எல்லாவற்றையும் அனுமதி" வேண்டாம் என்றேனே, நினைவிருக்கிறதா?