சிட்டகாங்குக்கு நூல் அனுப்பும்போது எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: திண்டுக்கல்லில் சின்ன நூற்பு மில் வைத்திருக்கிறோம். முதன்முறையாக ஒரு கன்டெய்னர் நூலைத் தூத்துக்குடியிலிருந்து வங்கதேசத்தின் சிட்டகாங்குக்கு, கப்பல் கட்டணமும் சேர்ந்த சி.எஃப்.ஆர். விலையில் அனுப்பப் போகிறோம். அங்கே நாள்கணக்கில் நெரிசல் என்கிறார்கள். தாமதமானால் நஷ்டம் யாருக்கு?

பதில்: நெரிசல் உண்மைதான். சிட்டகாங் துறைமுகம் கர்ணபுலி ஆற்றுக்குள் இருக்கிறது. பெரிய கப்பல்களுக்கு அங்கே ஆழம் போதாது. மற்றவையும் கடல் நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழைய முடியும். அதனால் கொழும்பு, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இறங்கும் சரக்கை ஃபீடர் எனும் சிறு கப்பல்கள் சுமந்து செல்கின்றன. வங்கதேசத்தின் கன்டெய்னர் சரக்கில் பெரும்பங்குக்கு இந்த ஒரே வாசல்தான். 2025 ஏப்ரலில் இந்திய நூலுக்குத் தரைவழியை அவர்கள் அடைத்துவிட்டதால் கூட்டம் குறைய வழியில்லை.

சி.எஃப்.ஆர். என்றால் கப்பல் கட்டணம் உங்களுடையது. ஆனால் தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறியதுமே பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடும். சிட்டகாங் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், அவர் தலைவலி. அதை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிவிடுங்கள். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதமான எல்.சி.யில் 'டிரான்ஷிப்மென்ட் (வழியில் கப்பல் மாற்றுவது) கூடாது' என்றிருந்தாலும் பதற வேண்டாம். கன்டெய்னரில் போகிறது என்று பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதில்) தெரிந்தால், எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி வங்கி ஏற்றுக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், கப்பல் தாமதத்தைவிடப் பணத் தாமதம்தான் பெரிய ஆபத்து. காரணம், அங்கே பழகிய எல்.சி. முறை. வங்கதேச ஏற்றுமதி ஆடைத் தொழிலின் முன்னோடியே சிட்டகாங்கின் தேஷ் கார்மென்ட்ஸ்தான். 1970களின் கடைசியில் தென்கொரியாவின் டேவூவோடு கைகோத்து, 130 பேரைப் பயிற்சிக்குக் கொரியா அனுப்பிய நிறுவனம் அது. அங்கே பரவலான பேக் டு பேக் எல்.சி. முறைக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்புண்டு. உங்களுக்கு வரப்போவதும் அநேகமாக அதுதான்: வாங்குபவர் தன் ஆடை ஏற்றுமதி ஆர்டரைக் காட்டித் திறக்கும் எல்.சி., பணம் 90 அல்லது 120 நாள் கழித்து.

அந்த நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். 'அக்செப்டன்ஸ்' தேதியிலிருந்து என்றால், வாங்குபவரின் வங்கி ஒப்புதலை இழுத்தடிக்கும் நாளெல்லாம் உங்கள் வட்டிதான். பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து என்று மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வட்டியை விலையில் ஏற்றுங்கள். அப்புறம், ஆவணங்களைச் சரக்கு கப்பல் ஏறிய 21 நாளுக்குள் வங்கியிடம் கொடுக்க வேண்டும்; எல்.சி.யில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. வாங்குபவர் பணம் தராமல் போனால் ஈடுகட்டும் இ.சி.ஜி.சி. (அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீட்டைச் சரக்கு கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.