காட்டு வெங்காயம்: எங்கே வளர்கிறது, எவ்வளவு அரிது?

குமரி மாவட்டத் தாவர ஆர்வலர்கள் கேட்ட கேள்விகளுக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (தோவாளை): ஐயா, கோடையில் எங்கள் பக்கத்துக் குன்றுகளில் இலையே இல்லாமல் பூக்கும் காட்டு வெங்காயமும், இமயமலையில் அண்மையில் கண்டறியப்பட்ட அரிய காட்டு வெங்காயமும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. நீங்கள் பார்ப்பது நரிவெங்காயம். அது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருப்பது. இமயமலைச் செடியோ நம் சமையலறை உள்ளிக்கும் பூண்டுக்கும் நெருங்கிய உறவான அல்லியம் நெகியானம். உத்தராகண்டின் நீதிப் பள்ளத்தாக்கில் மலாரி என்ற ஊரை ஒட்டிக் கிடைத்த அது, 2021 இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 3,000 முதல் 4,800 மீட்டர் உயரம் வரையுள்ள புல்வெளிகளிலும் ஆற்றங்கரை மணலிலும் வளர்கிறது. மேற்கு இமயமலைக்கு வெளியே அது காணப்படவில்லை. அதன் இலையையும் கிழங்கையும் தாளிப்பதற்காக அங்குள்ளவர்கள் பறிக்கிறார்கள். கணக்கின்றிப் பறித்தால், பரப்பு குறுகிய அந்த இனம் தாங்காது.

கேள்வி (குளச்சல்): இரண்டையும் பார்த்தே பிரித்தறிய முடியுமா?

பதில்: முடியும். உள்ளி இனத்தில் பூக்காம்புகள் அனைத்தும் தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிப் பந்துபோல் திரளும். நரிவெங்காயத்திலோ மெலிந்த தண்டு நெடுகிலும் இடைவெளி விட்டு, மங்கிய பழுப்பும் பச்சையும் கலந்த சிறு பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். மழைக்குப் பிறகே இலை வரும். அந்த இலையைக் கசக்கினாலும் உள்ளி வாசம் வராது. சாறு பட்டால் தோல் அரிக்கும் என்பதால், பூவைப் பார்த்து அறிவதே நல்லது.

கேள்வி (தக்கலை): ஓர் இனம் அழியும் நிலையில் உள்ளது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்: பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோல்களில் ஒன்று பரவல் பரப்பு. அது 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்து, அத்துடன் வாழிடங்கள் சிலவாகச் சுருங்கி, எண்ணிக்கையும் தொடர்ந்து சரிந்துவந்தால், அந்த இனம் அழியும் அபாயத்தில் உள்ளதாகக் கொள்ளப்படும். நம் மாவட்டம் முழுவதுமே 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதை நினைத்தால், இங்கு மட்டுமே வாழும் ஒரு செடிக்கு எவ்வளவு சிறிய இடம் எஞ்சியிருக்கிறது என்பது விளங்கும். கலிபோர்னியாவின் ரிவர்சைடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், களிமண் நிலத்தில் மட்டும் வாழும் மன்ஸ் வெங்காயம் இதற்குச் சான்று. வீட்டுமனைகளும் களிமண் சுரங்கங்களும் அதன் நிலத்தை விழுங்கியதால், அமெரிக்க அரசு 1998 இல் அதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. அந்த மண்ணை இழந்தபின் அது ஒதுங்குவதற்கு வேறு நிலம் இல்லை.

கேள்வி (கருங்கல்): நரிவெங்காயத்தை வீட்டு வைத்தியமாகச் சளிக்குக் கொடுக்கலாமா அம்மா என்று என் மருமகள் கேட்கிறாள்.

பதில்: கொடுக்கவே கூடாது. அதன் கிழங்கில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளன. அளவு சற்று மிஞ்சினாலும் உயிருக்கே ஆபத்து.

கேள்வி (குலசேகரம்): அரிய காட்டு வெங்காயத்தின் கிழங்கை வாங்கி வந்து வீட்டில் வளர்த்தால் அதைக் காப்பாற்றியதாகுமா?

பதில்: ஆகாது. பனிமலைச் செடி நம் வெக்கையில் பிழைக்காது. தோண்டி எடுத்த இடத்திலோ விதை தரும் செடி ஒன்று குறைந்துவிடும். விற்பவரிடம் வாங்குவது மேலும் தோண்டுவதற்கே தூண்டும். அங்கு செல்ல நேர்ந்தால் படம் மட்டும் எடுங்கள். அந்தப் படத்தைப் பொதுவில் பகிரும்போது சரியான இடத்தைக் குறிப்பிட வேண்டாம்.