பாஸ்போர்ட் அப்புறம் எடுக்கலாம்

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார். பன்னாட்டு உறவுகள் படித்துப் பேராசிரியராக ஆசை. "அரசியல் படிச்சு கவுன்சிலர் ஆகப் போறியா?" என்று மாமா கேலி பேசுகிறார். பாஸ்போர்ட்கூட இல்லாத எனக்கு இது சரிப்படுமா?
- வாசகி, முக்கூடல்

பதில்: மாமாவை விடுங்கள், தங்கச்சி. கவுன்சிலர் ஆனாலும் தப்பில்லை.

அம்மா மடியில் இருக்கும் சொளகைப் பாருங்கள். அதில் கிடக்கும் இலை வடக்கே ஏதோ ஒரு காட்டில் பறித்தது. புகையிலைத் தூளின் தலையெழுத்திலோ ஜெனீவாவுக்கும் பங்குண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003இல் நிறைவேறியது. 2004இல் இந்தியா அதை ஏற்றது. புகையிலைத் தொழிலாளர்களுக்குக் கட்டுப்படியாகும் மாற்றுத் தொழிலுக்கு நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. அந்தப் பிரிவு முக்கூடல் வரை வந்ததா, வழியில் எங்கே நின்றுபோனது? முனைவர் பட்டத்துக்கு இந்த ஒரு கேள்வி தாங்கும். டெல்லியில் இருந்து எழுதுகிறவருக்கு ஆவணம் கிடைக்கும். கடையில் பீடியைக் கொடுக்கும்போது எத்தனை கட்டைக் கழித்துத் தள்ளுகிறார்கள் என்பது உங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும். (பீடி அலுத்துவிட்டால் கூடங்குளம் இருக்கவே இருக்கிறது: 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம், ராதாபுரம் தாலுகாவில் உலையாக நிற்கிறது.)

சரி, வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் டெல்லி ஜே.என்.யு.விலும் இந்தப் பாடத்தில் எம்.ஏ. படிக்கலாம், இரண்டுக்கும் க்யூட்-பிஜி நுழைவுத் தேர்வு. எம்.ஏ. கடைசி வருடத்திலேயே கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட் எழுதிவிடுங்கள். நம் பக்கக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் துறைதான் இருக்கும், பன்னாட்டு உறவுகளுக்குத் தனித் துறை அபூர்வம். அதனால் அரசியல் அறிவியல் தாளை எழுதுவதே புத்திசாலித்தனம். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் கை நீட்டாமல் ஆய்வு செய்யலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். எம்.ஏ. முடித்த கையோடு ஏதாவது ஒரு கல்லூரி தொகுப்பூதியத்துக்குக் கூப்பிடும். "ஒரு வருஷம்தானே" என்று நானும் போனேன். ஆறு வருடம் ஓடியது. என் ஆய்வேடு முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. நெட் கையில் வரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பாஸ்போர்ட்டைக் கேட்டீர்களே, அது அப்புறம். முதலில் அம்மாவின் பீடிக் கணக்கு எழுதும் கடை பாஸ்புக்கை வாங்கி, முதல் பக்கத்தில் இருந்து ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிவையுங்கள்.