இந்துப்புக்கு மாறினால் பி.பி. குறையுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. பல வருடங்களாக பி.பி. உண்டு; தினமும் டெல்மிசார்டான் மாத்திரை எடுக்கிறார். போன மாதம் பார்த்தபோது 150/90 இருந்தது, ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6 வந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். இந்துப்பு பி.பி.யை ஏற்றாது என்று கேள்விப்பட்டு, ஐந்து வயது மகள் உட்பட வீட்டில் எல்லோருக்கும் இப்போது அதுதான். சித்தப்பா ‘லோ சோடியம்’ உப்பு ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். அப்பாவின் தட்டில் மட்டும் அதைத் தூவுகிறோம். எது சரி? உப்பே இல்லாமல் கொடுத்துவிடலாமா? அப்பாவோ ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். அந்த லோ சோடியம் உப்பை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பாக்கெட்டில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது நல்ல உப்புதான். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடத்தி 2021-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் சுமார் 14 சதவீதம் குறைந்தது. ஆனால், கடுமையான சிறுநீரக நோய் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கு வைத்தது.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. 63 வயதில் அது 1.6 என்றால், சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதியாகியிருக்கலாம். அதோடு டெல்மிசார்டான், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும் மாத்திரை. பி.பி.க்கும் சிறுநீரகத்துக்கும் அது நல்ல மாத்திரை, அதை நிறுத்தக் கூடாது. ஆனால் இரண்டும் சேர்ந்த நிலையில் மேலும் பொட்டாசியம் கொடுத்தால் அது ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே தடம் புரளச் செய்யும். பெரும்பாலும் முன்கூட்டி அறிகுறி எதுவும் தெரியாது. எனவே இந்த வாரமே சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை இளநீரும் வேண்டாம். அதிலும் பொட்டாசியம் அதிகம். கை கால் திடீரெனத் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

சரி, பாறையாக வெட்டி எடுக்கும் உப்பான இந்துப்புக்கு வருவோம். இமாலய உப்பு என்று உலகம் முழுக்க விற்கும் இளஞ்சிவப்பு உப்பு, பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுப்பது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல் விட்டுச்சென்ற படிவு அது. தூத்துக்குடி உப்பளத்தில் காய்ச்சும் உப்பும் கடலிலிருந்து வருவதுதான். இரண்டிலும் மிகப் பெரும் பங்கு சோடியம் குளோரைடு. நிறத்துக்குக் காரணமான இரும்பும் மற்ற தாதுக்களும் உடலுக்குப் பயன்படும் அளவில் இல்லை. ஒரு கிராம் இந்துப்பிலும் 400 மில்லிகிராமுக்கு நெருக்கமான சோடியம் இருக்கும். ‘இது ஏற்றாது’ என்ற தைரியத்தில் கை தாராளமாகப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் சிக்கல்.

இதில் உங்கள் மகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. கடையில் விற்கும் இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. வளரும் குழந்தையின் மூளைக்கும் தைராய்டுக்கும் அயோடின் வேண்டும். கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களுக்கு இன்னும் அவசியம். நம் நாட்டில் நேரடியாக உண்ணும் உப்பில் அயோடின் கட்டாயம் என்று 2006-ல் சட்டம் வந்தது இதற்காகத்தான். வீட்டில் எல்லோருக்கும் சாதாரண அயோடின் உப்புக்கே திரும்புங்கள். கல் உப்புதான் பழக்கம் என்றால், அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது. அயோடின் காற்றிலும் ஈரத்திலும் போய்விடும், டப்பாவை நன்றாக மூடி வையுங்கள்.

அளவு என்ன? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தூள் உப்பில் ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், பிஸ்கட், வெளிச்சாப்பாடு எல்லாம் இந்தக் கணக்கிலேயே அடங்க வேண்டும். சமையலில் கிள்ளிப் போடும் உப்பை யாரும் எடை போட முடியாது என்பதால், பாக்கெட்டை வைத்துக் கணக்குப் போடச் சொல்வேன். உப்பு டப்பாவில் பிரித்த தேதியை எழுதி ஒட்டுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் தனியாக உப்பைக் கொண்டுவருவதால் 60 நாள் வந்தால் நல்லது. ஒரே மாதத்தில் தீர்ந்தால், உப்பு எங்கே போகிறது என்று தேடுங்கள். இட்லி மாவிலும் சாதம் வடிக்கும்போதும் போடுகிறீர்களா, தயிர் சாதத்துக்கு மேலே இன்னொரு தடவை விழுகிறதா என்று பாருங்கள்.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று வளர்ந்தவரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் சாப்பாடே இறங்காது. வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பொரியலுக்கு வேகும்போது போடாமல் இறக்கும்போது தூவினால் குறைந்த உப்பே எடுப்பாகத் தெரியும். எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லித் தழையைத் தாராளமாகச் சேருங்கள். ஊறுகாய் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டால் ஒன்றிரண்டு கிராம் உப்பு அதிலேயே போய்விடும்; தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வாரம் ஒரு நாள் கொடுங்கள். ஓர் அப்பளத்திலும் அரை கிராம் உப்புக்கு ஈடான சோடியம் இருக்கும், அதிலுள்ள அப்பளக்காரமும் சோடியம்தான். மோர் மிளகாய், வத்தல், கருவாட்டுக்கும் இதே கட்டுப்பாடு. வயிறு உப்புசம் என்று தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் பொடியிலும் சோடியம் நிறைய உண்டு. அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாக்கெட் உணவில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

உப்பே இல்லாமல் வேண்டாம். நரம்பும் தசையும் வேலை செய்யவும், உடலில் நீர் சரியான அளவில் நிற்கவும் சோடியம் தேவை. வயதானவர்களுக்கு, அதுவும் நீர் பிரியும் மாத்திரை சேர்ந்திருந்தால், சோடியம் சட்டென்று இறங்கி மயக்கமும் குழப்பமும் வரும். அவருடைய பி.பி. மாத்திரைப் பட்டையில் டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதையசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருக்கிறதா பாருங்கள்; இரண்டும் நீர் பிரியும் மருந்துகள்தான். இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான்கு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு, காலையும் மாலையும் உட்கார வைத்து ஒரு வாரம் பி.பி. பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டையும் புதிய ரத்தப் பரிசோதனை முடிவையும் அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். பி.பி. இறங்கியிருந்தால் மாத்திரையின் அளவை அவர் மாற்றுவார்; நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.