பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஊரைப் பற்றியவை: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் இருக்கும் பத்து கவான். ஒரு காலத்தில் தோட்ட மண். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று அதே வட்டாரத்தில் வீட்டு விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுகிறார்கள். 2014 மார்ச்சில் தீவையும் இந்தக் கரையையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறந்தது. பின்னாலேயே தொழிற்சாலைகள் வந்தன, பேரங்காடி வந்தது, 2019-இல் அறைகலன் கடையான ஐக்கியாவும் வந்தது. செம்பனை நின்ற இடத்தில் தாமான்கள் (வீட்டுக் குடியிருப்புகள்) முளைத்துக்கொண்டிருக்கின்றன.

பட்டர்வொர்த்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டுப் பத்திரங்களோடு பன்னிரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் தீவில், பாயான் லெப்பாஸில் வாடகை அடுக்குமாடியில் இருக்கிறோம். இருவருக்கும் தொழிற்சாலை வேலை, சேர்ந்து மாதம் 7,500 வெள்ளி (ரிங்கிட்). கார் கடன் 900. பத்து கவானில் புதிதாகக் கட்டப்போகும் இரண்டு மாடி வரிசை வீடு, 480,000 வெள்ளி. முகவர் 2,000 வெள்ளி புக்கிங் கேட்கிறார். எல்.ஆர்.டி. (இலகு ரயில்) வரப்போகிறது, ஐந்து வருடத்தில் விலை இரண்டு மடங்காகும் என்கிறார். வாங்கலாமா? (வாசகி, பாயான் லெப்பாஸ்)

பதில்: முதலில் அந்த 2,000 வெள்ளி. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் உள்ள 1989 விதிகள், விற்பனை ஒப்பந்தத்தில் சொல்லப்பட்டதைத் தவிர வேறு எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்கின்றன. ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது 10 விழுக்காடு. அதற்கு முன் ஒரு காசும் இல்லை. 'புக்கிங்', 'பதிவுக் கட்டணம்', 'முன்னுரிமைக் கட்டணம்' எல்லாம் ஒரே பணத்துக்கு வெவ்வேறு சட்டைகள். ஆனாலும் ஊரெல்லாம் வாங்குகிறார்கள், ஊரெல்லாம் கொடுக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் வீடு கட்டி விற்கும் கம்பெனியின் பெயரில், தேதியோடு ரசீது வாங்குங்கள். முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். அந்தத் தேதி பிறகு எப்படி உதவும் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

எல்.ஆர்.டி. வருவது உண்மை. பத்து கவானுக்கு வருவதுதான் பொய். முத்தியாரா என்ற அந்த ரயில் தடம் தீவுக்குள், ஜார்ஜ்டவுனில் உள்ள கொம்தாரிலிருந்து தெற்கே போகிறது. கடல் கடந்து வரும் கிளை பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலில் நின்றுவிடும். இதை முகவரிடம் சொல்லிப் பாருங்கள், "இரண்டாம் கட்டத்தில் வரும்" என்பார். ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும். நான் பார்த்த ஒப்பந்தம் எதிலும் ரயில் ஓடவில்லை. வீடும் நிலமும் மின்சாரப் புள்ளிகளின் எண்ணிக்கையும்தான் இருக்கும். மாதிரி வீட்டில் இருக்கும் கட்டில்கூட இருக்காது. அந்தக் கட்டிலை ஒரு முறை அளந்து பாருங்கள். சில இடங்களில் அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று குட்டையாகச் செய்து போட்டிருப்பார்கள்.

விலை இரட்டிப்பாகும் கதைக்கு வருகிறேன். 2020 கணக்கெடுப்பின்படி பினாங்குத் தீவில் சுமார் 794,000 பேர், செபராங் பிறையில் சுமார் 946,000 பேர். கூட்டம் ஏற்கனவே கரை மாறிவிட்டது. எனவே வீட்டுக்குத் தேவை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தீவில் நிலம் இல்லை, இங்கே நிலம் கிடக்கிறது. நீங்கள் ஐந்து வருடம் கழித்து விற்கப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குப் போட்டியாக இருக்க மாட்டார். அதே கம்பெனியின் நான்காம் கட்டம் இருக்கும். புத்தம் புதிய வீடு, இலவச சட்டச் செலவு, கூடவே குளிர்சாதனப் பெட்டி. உங்கள் பழைய சமையலறையை யார் வந்து பார்ப்பார்கள்? தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள் என்பார்கள். அவர்களில் விடுதியில் தங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்கள் உங்கள் வீட்டை வாங்கப் போவதில்லை. மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. குடிமக்களுக்கு ஆறாம் வருடம்தான் அது பூச்சியமாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஏற்கனவே சாவி கொடுத்த முதல் கட்டத்துக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசலில் செருப்பு கிடக்கிறதா, கொடியில் துணி காய்கிறதா? பத்து வீட்டில் நான்கு இருட்டாக இருந்தால் அங்கே வாங்கியவர்கள் பலர் குடியிருக்க வாங்கவில்லை. சொத்துத் தகவல் மையமான நாப்பிக் காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடும் கணக்கையும் பாருங்கள். கட்டி முடித்து, குடியேறத் தகுதிச் சான்றிதழும் பெற்று, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதம் தாண்டியும் விற்காத வீடுகளை அதில் தனியாகச் சொல்வார்கள்.

இனி உங்கள் பை. 90 விழுக்காடு கடன் என்றால் 432,000. 35 வருடம், 4 விழுக்காடு வட்டி என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 1,913 வெள்ளி. அதே கடன் 5 விழுக்காடானால் 2,180. கார் கடனையும் சேர்த்தால் சம்பளத்தில் நாற்பது விழுக்காட்டைத் தொடும். வங்கி ஒப்புக்கொள்ளக்கூடும். வங்கி ஒப்புக்கொண்டால் நமக்குக் கட்டுப்படியாகும் என்று அர்த்தமில்லை. குழந்தை பார்ப்பவரின் சம்பளம் வங்கியின் படிவத்தில் இல்லை. வீடு கட்டி முடிக்கும் வரை வங்கி விடுவித்த தொகைக்கு வட்டியும் கட்டுவீர்கள், பாயான் லெப்பாஸ் வாடகையும் கட்டுவீர்கள். அந்த இரண்டு வருடம்தான் பலரை மூச்சு முட்ட வைக்கிறது.

'இலவச சட்டச் செலவு' என்றேனே, அந்த வழக்கறிஞர் கம்பெனியின் ஆள். ஒரே வழக்கறிஞர் மேம்பாட்டாளருக்கும் வாங்குபவருக்கும் ஆஜராகச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே மேசையில் உங்களுக்கென்று யாரும் இல்லை. முதல் வீடு, 500,000 வெள்ளிக்குள் என்றால் முத்திரை வரி விலக்கு உண்டு. இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்கு மாற்றுப் பத்திரத்துக்கு 8,600, கடன் பத்திரத்துக்கு 2,160 ஆகும். இந்தச் சலுகையை பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் நீட்டிக்கிறார்கள். கையொப்பமிடும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து: உங்கள் இருவருக்கும் வேலை பாயான் லெப்பாஸில். இரண்டாவது பாலம் பத்து மாவுங்கில் இறங்குகிறது, உங்கள் தொழிற்சாலைக்குப் பக்கம். ஜார்ஜ்டவுனில் வேலை என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். குடியிருக்க என்றால் வாங்குங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் பாலத்தில் டோல் இல்லை. ஆனால் 24 கிலோமீட்டர் பாலத்தில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தினமும் போக முடியுமா என்று வாங்குவதற்கு முன் ஒரு வாரம் போய்ப் பாருங்கள். விலை இரட்டிப்பாகும் என்பதற்காக வாங்குவதானால், அந்தப் பணத்தை அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: என் வீட்டின் விலை 420,000. ஒப்பந்தத்தில் 24 மாதம் என்று இருந்தது. ஐந்து மாதம் தாமதமாகச் சாவி தர அழைத்திருக்கிறார்கள். 6,000 வெள்ளி 'நல்லெண்ணத் தொகை' தருவதாகச் சொல்லி ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். (வாசகர், சிம்பாங் அம்பாட்)

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். தாமதத்துக்கு இழப்பீடு வருடத்துக்கு விலையில் 10 விழுக்காடு, நாள் கணக்கில். உங்களுக்கு ஒரு நாளைக்கு 115 வெள்ளி சொச்சம். 150 நாளுக்கு 17,260 வெள்ளி. இவர்களுடைய நல்லெண்ணத்தின் விலை உங்களுக்கு 11,260 வெள்ளி நட்டம்.

இதோடு முடியவில்லை. நாளை எண்ணுவது ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல, புக்கிங் பணம் கட்டிய தேதியிலிருந்து என்று 2021-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. வாங்கவே கூடாத பணத்தை வாங்கியவர்களுக்கு அந்தத் தேதியே கண்ணியானது. நீங்கள் ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் முன்பு புக்கிங் கட்டியிருந்தால் தாமதம் 210 நாள், தொகை 24,164. ரசீதைத் தேடுங்கள். "வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் எங்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்திருக்கிறார்" என்று ஒரு கடிதத்தை நீட்டினால் பயப்பட வேண்டாம். அப்படிக் காலத்தை நீட்டிக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று 2019-இலேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பேச்சு நடக்கவில்லை என்றால் வீடு வாங்குவோர் முறையீட்டு மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பதிவுக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை.

கேள்வி: அடுத்த மாதம் சாவி வாங்குகிறோம். எதைப் பார்க்க வேண்டும்? (தம்பதியர், நிபோங் திபால்)

பதில்: இருபது காசு நாணயம் ஒன்றும், நிறம் தெரியும் ஒட்டுத் தாள் ஒரு சுருளும், ஒரு வாளியும், கைப்பேசி மின்னூட்டியும் எடுத்துப் போங்கள். சாமி படம் பால் காய்ச்சும் நாளுக்கு.

நாணயத்தால் ஒவ்வொரு தரைக்கல்லையும் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். உறுதியாக ஒட்டியிருந்தால் 'டக்' என்று அடங்கிய ஓசை. அடியில் சாந்து இல்லை என்றால் காலித் தகர டின்னைத் தட்டியதுபோல் கேட்கும். அந்தக் கல்லில் ஒட்டுத் தாள். என் முதல் வீட்டில் நான் தட்டவில்லை. மூன்றாம் வருடம் ஒரு மதியம் வரவேற்பறையில் நான்கு கற்கள் 'படார்' என்று கூடாரம்போல் எழும்பி நின்றன. பழுதுக்குக் கம்பெனி பொறுப்பேற்கும் காலம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. செலவு என்னுடையது.

குளியலறையில் வாளித் தண்ணீரைக் கொட்டி வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். பிறகு மாடிக் குளியலறையின் வடிகாலை அடைத்துத் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கழித்துக் கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாச் சன்னலையும் திறந்து மூடுங்கள். மின்னூட்டியை ஒவ்வொரு புள்ளியிலும் செருகிப் பாருங்கள். மழை நாளில் ஒரு முறை தனியாகப் போங்கள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

படம் எடுத்து, பட்டியல் போட்டு, எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் பழுதுக்கு அவர்கள் பொறுப்பு. எழுத்து மூலம் கேட்ட 30 நாளில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நீங்களே ஆள் வைத்துச் செலவைக் கேட்கலாம். வீட்டு விலையில் 5 விழுக்காடு இதற்காகவே வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பாதி 8 மாதத்திலும் மீதி 24 மாதத்திலும் கம்பெனிக்குப் போய்விடும். ஆகவே எட்டாம் மாதத்துக்கு முன் கடிதம் போக வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) முழுவதையும் எடுத்து என் வீட்டுக்கு முன்பணம் தருகிறேன் என்கிறார். (வாசகர், பிறை)

பதில்: வேண்டாம். 55-க்குப் பிறகு எடுக்க உரிமை இருக்கிறது. ஆனால் அவருக்கு அடுத்த இருபது வருடத்துக்குச் சம்பளம் அதுதான். கொஞ்சம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அவர் பெயரையும் பட்டாவில் ஒரு பங்காகச் சேருங்கள். உங்களுக்குக் கல்யாணமாகி வீட்டுக்கு வேறு ஆள் வரும்போது அவர் விருந்தாளியாக உட்காரக் கூடாது.

கேள்வி: வாடகைக்குக் கேட்டால், "இந்தியர்களுக்கு இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். புகார் செய்ய இடமில்லையா? (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை என்று சொன்ன பிறகும். வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் வரும் வரும் என்று பல வருடமாகப் பேச்சு இருக்கிறது. கையில் பிடிக்கச் சட்டம் இல்லாததால் புகார் எழுதி உங்கள் மாலைப் பொழுதை வீணாக்கச் சொல்ல மாட்டேன். பதிவு பெற்ற முகவரிடம் மட்டும் போங்கள், கழுத்தில் பதிவு எண்ணோடு அட்டை இருக்கும். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே உரிமையாளர் யாருக்குக் கொடுப்பார் என்று கேட்டுவிடுங்கள். பெட்ரோலும் மனமும் மிச்சம். பெயரை மறைத்துப் பேசாதீர்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் காவல் சாவடி போட்டு மாதம் 80 வெள்ளி கேட்கிறார்கள். கட்டாயமா? (வாசகர், சிம்பாங் அம்பாட்)

பதில்: பட்டாவைப் பாருங்கள். ஸ்ட்ராட்டா பட்டா (பொது இடங்கள் எல்லோருக்கும் கூட்டாக உள்ள பட்டா) என்றால் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்தில் ஒரு பங்காகச் சேமிப்பு நிதியும் கட்டியே ஆக வேண்டும். தனிப் பட்டா, பொதுச் சாலை, குடியிருப்போர் சங்கம் வைத்த காவலர் என்றால் அது சந்தா, கட்டாயப்படுத்த முடியாது. உங்களை உள்ளே விடாமல் தடுக்கவும் முடியாது.

ஆனால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். சந்தா கட்டுவதை நிறுத்திய ஒருவருக்குக் காவலர்கள் தடுப்புக் கம்பைத் தூக்கித் தர மறுத்தார்கள். அவர் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார். 2015-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது: வழி அடைபடவில்லை, தானே தூக்கிக்கொண்டு போகலாம். மாதம் 80 வெள்ளியை மிச்சம் பிடிக்க விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். காரில் ஒரு குடை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.