சுருள் சொல்வதை டிரைவர் கேட்கட்டும்

கேள்வி: 555 டைமர் ஐசி தரும் துடிப்பால், இரண்டு மாஸ்ஃபெட் சுவிட்சுகள் கொண்ட அரைப்பால டெஸ்லா காயிலை (உயர் மின்னழுத்தப் பொறி தரும் சுருளை) ஓட்டுகிறேன். அதிர்வெண்ணை மாற்றும் ட்ரிம்பாட்டைத் திருகினால் பொறி வருகிறது. ஆனால் கையை அருகே கொண்டுபோனாலே அணைந்து, மாஸ்ஃபெட் கொதிக்கிறது. ஏன்?

பதில்: ட்ரிம்பாட் ஒரே இடத்தில் நிற்கிறது, சுருள் நிற்பதில்லை. கையும் பொறியும் மேல்முனையோடு மின்தேக்கியாகச் சேரும்போது ஒத்ததிர்வு அதிர்வெண் இறங்கிவிடும். உங்கள் சுருள் 300 கிலோஹெர்ட்ஸ், அதன் தரக்காரணி (ஒத்ததிர்வின் கூர்மை) 100 என்று வைத்துக்கொண்டால், ஏற்கும் பட்டை 3 கிலோஹெர்ட்ஸ்தான். 555-ஐ விட்டுவிட்டு, பொறி தரும் சுருளான செகண்டரியிடமிருந்தே தாளத்தை வாங்குங்கள்.

செகண்டரியின் அடிமுனையிலிருந்து தரைக்குப் போகும் கம்பியை ஒரு ஃபெரைட் வளையத்தின் நடுவே ஒருமுறை நுழையுங்கள். அதே வளையத்தில் மெல்லிய கம்பியை 50 சுற்று சுற்றுங்கள். ஒரு முனை டிரைவரின் தரைக்கு, மறுமுனை 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக, அலையைச் சதுரமாக்கும் 74ஹெச்சி14 ஐசியின் உள்ளீட்டுக்கு. அந்த உள்ளீட்டை இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளால் 5 வோல்டின் நடுவில் நிறுத்தி, 5 வோல்ட் பக்கமும் தரைப் பக்கமும் 1என்5819 டையோடால் பூட்டுங்கள். பலர் இங்கே ஒன்றை மறப்பார்கள்: மேல் டையோடு மின்னோட்டத்தை 5 வோல்ட் தடத்துக்குள் தள்ளும். 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் மின்சாரத்தைக் கொடுக்கும், திரும்ப வாங்காது. தடத்தில் 5.1 வோல்ட் ஜீனர் வைக்காவிட்டால் மின்னழுத்தம் ஏறி ஐசி போகும். 74ஹெச்சி14-இன் பயன்படாத உள்ளீடுகளைத் தரையில் கட்டுங்கள்.

74ஹெச்சி14-இன் வெளியீட்டை யுசிசி37321, யுசிசி37322 என்ற கேட் டிரைவர் ஐசி இணைக்குக் கொடுத்து, அவற்றின் இரு வெளியீடுகளுக்கிடையே 1 மைக்ரோஃபாரட் தொடராக வைத்து, மாஸ்ஃபெட்டின் கேட்டை இயக்கும் கேட் டிரான்ஸ்ஃபார்மரை இணைக்கலாம். கணினி எஸ்எம்பிஎஸ்-இல் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையத்தை அதற்கு எடுக்காதீர்கள். அது இரும்புத்தூள், இந்த வேலைக்கு உதவாது.

கேள்வி: வளையத்துக்குப் பதிலாக ஒரு ஆண்டெனா கம்பியை நீட்டினால் போதாதா?

பதில்: முதல் பொறியைப் பார்க்க 20 சென்டிமீட்டர் கம்பி போதும். மேல்முனை மின்னழுத்தம் செகண்டரி மின்னோட்டத்துக்கு 90 டிகிரி பின்தங்கும். ஆண்டெனாவுக்குள் வரும் மின்தேக்க மின்னோட்டமோ அந்த மின்னழுத்தத்தைவிட 90 டிகிரி முந்தும். இரண்டும் கழிந்து, டையோடு பூட்டிய உள்ளீட்டில் வளையம் தரும் அதே கட்டமே வந்து சேரும். ஆனால் பொறி ஆண்டெனாமேல் பாய்ந்தால் ஐசி மிஞ்சாது. நிரந்தரமாக ஓட்ட வளையம்தான் நல்லது.

கேள்வி: எல்லாம் கட்டினேன். அசையவே இல்லை.

பதில்: முதலில் பாலம் ஓட்டும் சுருளான பிரைமரியின் இரு முனைகளை மாற்றிப் போடுங்கள். ஒத்ததிர்வில், பாலத்தின் மின்னழுத்தமும் செகண்டரி மின்னோட்டமும் ஒரே கட்டத்தில் அல்லது நேரெதிராக இருக்கும். தப்பான பக்கம் விழுந்தால் ஒவ்வொரு சுழற்சியும் முந்தையதை அமுக்கிவிடும். பாதிப் பேருக்கு இது ஒன்றே போதும்.

அதற்கும் அசையாவிட்டால் பாலத்துக்கு எத்தனை வோல்ட் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். யுசிசி ஐசிகளின் இயக்கும் முனை (எனேபிள்) உயர்ந்ததும் டிரைவர் ஒரு படியை அடிக்க, அதில் செகண்டரி மணிபோல ஒலிக்க வேண்டும். 5 வோல்டில் அந்த ஒலி 74ஹெச்சி14-இன் இரு வரம்புகளுக்கிடையிலுள்ள இடைவெளியைத் தாண்டாது. வேரியாக்கில் (மின்னழுத்தத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மரில்) 30, 40 வோல்ட் வரை ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: காயிலை விட்டுவிட்டு ஓட்டும் இன்டரப்டர் நடுச்சுழற்சியில் வெட்டிவிடுகிறது. சரியான இடத்தில் நிறுத்துவது எப்படி?

பதில்: 74ஹெச்சி74 ஃப்ளிப்ஃப்ளாப் ஐசியின் டி முனைக்கு இன்டரப்டர், கடிகார முனைக்கு 74ஹெச்சி14 தரும் பின்னூட்டம். க்யூ வெளியீட்டையும் இன்டரப்டரையும் இரண்டு 1என்4148 டையோடுகளால் சேர்த்து, 1 கிலோ ஓம் தரைக்கு வைத்து, யுசிசி ஐசிகளின் இயக்கும் முனைக்குக் கொடுங்கள். இன்டரப்டர் உயர்ந்ததும் உடனே தொடங்கும். அது இறங்கிய பிறகு அடுத்த விளிம்பில்தான் நிற்கும். தொடக்கத்தையும் கடிகாரத்திடமே விட்டால் காயில் ஒருநாளும் கிளம்பாது, கடிகாரமே காயிலிலிருந்துதானே வர வேண்டும்!

கேள்வி: ஓடுகிறது, ஆனால் மாஸ்ஃபெட் இன்னும் சூடு.

பதில்: தாமதம். ஐசிகளும் கேட்டும் சேர்ந்து 250 நானோ விநாடி தின்றால், 300 கிலோஹெர்ட்ஸில் அது 27 டிகிரி. முதலில் கேட் மின்தடையை 5 முதல் 10 ஓம் வரை குறைத்துப் பாருங்கள். போதாவிட்டால் வளையத்தின் 50 சுற்றுக்குக் குறுக்கே 50 ஓமும் 13.5 மைக்ரோஹென்றியும் தொடராக வையுங்கள், கட்டம் 27 டிகிரி முந்தும். ஆனால் சமிக்ஞை சிறுத்துவிடும், கிளம்பும் மின்னழுத்தம் கூடும்.

அளக்கும்போது ஆஸிலோஸ்கோப்பின் தரைக் கவ்வியைப் பாலத்தில் மாட்டாதீர்கள். 230 வோல்டை நேரடியாகத் திருத்திய பாலத்தில் அது சுவர் மின்சாரத்தைத் தரையோடு சேர்த்துவிடும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரோ, வேறுபாட்டு ப்ரோபோ அவசியம்.